சிரிஞ்சும் கேஜும்: பாயில் விதி எங்கள் வீட்டில் மட்டும் ஏன் வரவில்லை?

பிறை_அப்பா | திங்கள், இரவு 9:12

வணக்கம். மகள் படிவம் 4. பள்ளியில் பாயில் விதி சோதனை நடந்தது. எட்டுப் பேருக்கு ஒரு சிரிஞ்சு. இவள் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. சரி, வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று இறங்கினோம். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. காற்றுக் குழாய்களில் மாட்டுகிற பழைய டிஜிட்டல் கேஜ் ஒன்று வீட்டில் கிடந்தது. மருந்துக்கடையில் 60 மில்லி சிரிஞ்சு வாங்கினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் டியூப், இரண்டு முனையிலும் கிளிப்.

அவள் எடுத்த அளவுகள்:

60 மில்லியில் 0 கிலோபாஸ்கல்
50 மில்லியில் 19
40 மில்லியில் 46
30 மில்லியில் 89

புத்தகத்தில் 'சூஹு மலார்' என்றால், அதாவது வெப்பநிலை மாறாமல் இருந்தால், அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வரும் என்று இருக்கிறது. எங்களுக்கு 0, 950, 1840, 2670 என்று வருகிறது. "பாயில் தப்பா, நீங்க தப்பாப்பா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். யாராவது காப்பாற்றுங்கள்.

பட்டர்வொர்த்_டீச்சர் | திங்கள், இரவு 9:40

பாயில் தப்பில்லை, நீங்களும் தப்பில்லை. கேஜ்தான் பாதிக் கதையைச் சொல்கிறது.

சிரிஞ்சை அழுத்துவதற்கு முன்னால் கேஜ் 0 காட்டியதே, அப்போது உள்ளே காற்று இல்லையா? இருந்தது. வெளியே இருக்கும் காற்று எவ்வளவு அழுத்துகிறதோ அதே அளவு அதுவும் அழுத்திக்கொண்டிருந்தது. உங்கள் கேஜ் வெளிக்காற்றை விட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும்தான் காட்டும். கார் டயர் கேஜும் இப்படித்தான். அதில் 32 பிஎஸ்ஐ (அழுத்தத்துக்கு இன்னோர் அலகு) என்று பார்க்கிறோம், உண்மையில் டயருக்குள் இருப்பது 46க்கும் மேல். பங்சரான டயரில் 0 காட்டுகிறது, அதற்காக உள்ளே வெற்றிடமா இருக்கிறது?

பாயில் விதிக்கு வேண்டியது முழு அழுத்தம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். பிறை கடலை ஒட்டிய ஊர்தானே, அதனால் ஒவ்வோர் அளவோடும் 101ஐக் கூட்டிவிட்டுப் பெருக்கச் சொல்லுங்கள்.

பிறை_அப்பா | செவ்வாய், மாலை 6:55

டீச்சர், நன்றி. காலையில் பஸ் ஏறுவதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

60 × 101 = 6060
50 × 120 = 6000
40 × 147 = 5880
30 × 190 = 5700

ஓரளவு வந்துவிட்டது. ஆனால் மேலே கீழே ஆடாமல், வரிசையாக இறங்கிக்கொண்டே போகிறது. கை நடுங்கியதால் வந்த பிழை என்றால் இப்படி ஒழுங்காகவா இறங்கும் என்று கேட்கிறாள். எனக்கும் அதுதான் உறுத்துகிறது.

டீசல்_அண்ணே | செவ்வாய், இரவு 8:03

அண்ணே, இதுக்கு இவ்வளவு யோசனையா? காற்று கசிகிறது. அழுத்தம் ஏற ஏறக் கிளிப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறது, பெருக்குத்தொகை இறங்குகிறது. சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி விடும்.

பிறை_அப்பா | செவ்வாய், இரவு 9:20

தடவினோம். ஒரு குமிழி கூட இல்லை. அதோடு மகள் இன்னொன்றும் செய்தாள். 30 வரை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு மெதுவாக 60க்கு விட்டாள். கேஜ் பழையபடி 0. காற்று வெளியே போயிருந்தால் 0க்குக் கீழே அல்லவா காட்டியிருக்க வேண்டும்?

டீசல்_அண்ணே | செவ்வாய், இரவு 9:31

பாப்பா கெட்டிக்காரி. அப்படியென்றால் கசிவு இல்லை, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்த சந்தேகம் சூடு. காற்றை அமுக்கினால் சூடாகும். எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. டீசல் இன்ஜினில் பிளக் பொறி கிடையாது. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கினால் அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பாயில் கணக்குப்படி பார்த்தால் 18 மடங்கு அழுத்தம், கம்ப்ரஷன் கேஜில் 250 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். நல்ல இன்ஜினில் மாட்டிப் பாருங்கள், 400ஐ ஒட்டி நிற்கும். அந்தக் கூடுதல் முழுக்கச் சூடு கொடுத்தது. 250தான் காட்டுகிறது என்றால் அந்த இன்ஜினுக்கு பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று அர்த்தம், பாயில் விதிக்குக் கட்டுப்பட்ட நல்ல பிள்ளை என்று அர்த்தமில்லை.

பட்டர்வொர்த்_டீச்சர் | செவ்வாய், இரவு 10:05

அண்ணே, இந்த உதாரணத்தை நாளைக்கே வகுப்பில் எடுத்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இங்கே அது பொருந்தாது. சூடு சேர்ந்தால் அழுத்தம் கூடும், பெருக்குத்தொகை ஏறும். பிறை அப்பா வீட்டில் இறங்குகிறது. நோய் வேறு.

இருந்தாலும் சூட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஒரே மூச்சில் 60லிருந்து 30க்கு அழுத்திவிட்டுக் கேஜையே பார்க்கச் சொல்லுங்கள்.

பிறை_அப்பா | செவ்வாய், இரவு 10:30

செய்தோம். 100ஐத் தொட்டுவிட்டு, சில விநாடிகளில் இறங்கி 89இல் நின்றது. மூன்று முறை செய்தாலும் அதே கதை. மகள் முதல் நாள் அளவெடுத்தபோது மெதுவாக அழுத்தி, எண் நின்ற பிறகுதான் எழுதினாளாம். நான் பக்கத்தில் இருந்திருந்தால் அவசரப்படுத்தியிருப்பேன்.

முக்குளிப்பான் | புதன், காலை 7:48

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கெடாவை ஒட்டிய பாயார் தீவில் முக்குளிக்கப் போகிறவன். எங்களுக்குப் பாயில் விதி பரீட்சைக் கேள்வி இல்லை, உயிர். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 6 லிட்டர் இருக்கும் பலூனைக் கொண்டுபோனால் 10 மீட்டரில் 3 லிட்டர், 20இல் 2, 30இல் ஒன்றரை.

இதில் எது ஆபத்து என்று கேட்டால் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் 30 மீட்டரைக் காட்டுவார்கள். அந்த எண்களைத் திருப்பிப் படியுங்கள். 30லிருந்து 20க்கு ஏறும்போது ஒன்றரை இரண்டாகிறது, அவ்வளவுதான். கடைசிப் பத்து மீட்டரில் 3 லிட்டர் 6 ஆகிறது. அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் நெஞ்சுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் விரியப் பார்க்கும். நுரையீரல் பலூன் இல்லை, கிழியும். மூச்சை நிறுத்தாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

லேப்_தாத்தா | புதன், காலை 11:15

ஆய்வுக்கூட உதவியாளனாக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே ஒரு கேள்வி. அந்த ரப்பர் டியூப் எவ்வளவு நீளம், உள் விட்டம் எவ்வளவு?

பிறை_அப்பா | புதன், மாலை 6:40

20 சென்டிமீட்டர், ஐயா. உள் விட்டம் 5 மில்லிமீட்டர் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. ஏன்?

லேப்_தாத்தா | புதன், இரவு 7:30

கையில் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம் 0.25 சென்டிமீட்டர். அதையே அதனால் பெருக்கி, 3.14ஆலும் பெருக்கினால் 0.196. நீளம் 20. மொத்தம் 3.9 கன சென்டிமீட்டர், அதாவது 4 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா சிரிஞ்சில் 60 என்று படித்தபோது உண்மையில் அடைபட்டிருந்த காற்று 64 மில்லி. 30 என்று படித்தபோது 34. டியூபுக்குள் இருக்கும் காற்றும் அதே அழுத்தத்தைத்தான் தாங்குகிறது, கேஜையும் அதுதான் தள்ளுகிறது. சிரிஞ்சில் கோடு போட்டவனுக்கு அது தெரியாது. 64இல் இந்த 4 மில்லி பதினாறில் ஒரு பங்கு, கண்டுகொள்ளாமல் விடலாம். 34இல் 4 என்பது எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம். அதனால்தான் அழுத்த அழுத்தப் பிழையும் ஒழுங்காக வளர்ந்தது. கை நடுக்கம் இல்லை என்று பாப்பா சொன்னது சரி.

இப்போது 4ஐக் கூட்டிப் பெருக்குங்கள்:

64 × 101 = 6464
54 × 120 = 6480
44 × 147 = 6468
34 × 190 = 6460

வித்தியாசம் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குதான். பழைய சிரிஞ்சும் பழைய கேஜும் வைத்து இதைவிட நன்றாக யாரும் எடுக்க முடியாது.

டியூபை அளக்காமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஒன்றை முழு அழுத்தத்தால் வகுத்து வருவதைப் படுக்கை அச்சில் போடுங்கள், சிரிஞ்சில் படித்த அளவை நிற்கும் அச்சில் போடுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழும், ஆனால் கோடு மூலை (இரண்டு அச்சும் சந்திக்கும் 0 புள்ளி) வழியாகப் போகாது. நீட்டினால் நிற்கும் அச்சை 0க்குக் கீழே 4இல் வெட்டும். பல பிள்ளைகள் அந்தக் கோட்டை வலுக்கட்டாயமாக வளைத்து மூலையில் கொண்டுபோய் முட்டவைப்பார்கள். புத்தகத்தில் அப்படிப் படம் இருப்பதால் அப்படி. நான் பார்த்த நோட்டுகளில் பாதி இந்தக் கோலம்தான்.

பட்டர்வொர்த்_டீச்சர் | புதன், இரவு 8:10

தாத்தா, வணங்குகிறேன். நானும் அந்தக் கோட்டை மூலைக்கு இழுக்கச் சொன்னவள்தான்.

டீசல்_அண்ணே | புதன், இரவு 8:22

இதுக்கு எங்கள் பக்கமும் ஒரு பங்கு உண்டு. கம்ப்ரஷன் பார்க்கும்போது நீளமான ஹோஸ் மாட்டிவிட்டால் கேஜ் குறைவாகக் காட்டும். அதுவும் இதே சங்கதிதான் போல. இத்தனை நாள் ஹோஸ் பழசு என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

கொடிமலைக்காரன் | வியாழன், அதிகாலை 12:35

தூக்கம் வரவில்லை, கதை சொல்கிறேன். பினாங்குக்காரர்களுக்கு இந்த விதியோடு ஒரு வேடிக்கையான உறவு இருக்கிறது.

ராபர்ட் பாயில் 1660இல் காற்றுக்கு ஸ்பிரிங் போல ஒரு விசை உண்டு என்று ஒரு புத்தகம் எழுதினார். அதற்கான காற்றுப் பம்பைச் செய்து கொடுத்தவர் ராபர்ட் ஹூக். உடனே லைனஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார் மறுத்தார். பாதரசம் குழாயில் ஏறி நிற்பது காற்று தள்ளுவதால் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கயிறு அதை மேலிருந்து பிடித்து இழுக்கிறது என்றார். அந்தக் கயிற்றுக்கு அவர் வைத்த லத்தீன் பெயர் ஃபூனிகுலஸ்.

நம் பினாங்குக் கொடிமலை ரயிலை ஃபூனிகுலர் என்கிறோமே, அதே சொல்தான். கயிறு கட்டி இழுக்கிற ரயில். 1923லிருந்து ஓடுகிறது. நம்முடையதில் கயிறு உண்மையாகவே இருக்கிறது, லைனஸ் சொன்னதில் இல்லை.

அவருக்குப் பதில் சொல்லத்தான் பாயில் 1662இல் இந்த அளவுகளை வெளியிட்டார். ஆங்கில 'ஜே' எழுத்துப் போல வளைத்த கண்ணாடிக் குழாய், குட்டைக் கால் மூடியிருக்கும், நெட்டைக் கால் வழியாகப் பாதரசம் ஊற்ற வேண்டும். குழாய் அறைக்குள் அடங்காத உயரம் என்பதால் மாடிப்படியில் நிறுத்திச் செய்தார்கள். அடைபட்ட காற்று 48 பங்காக இருந்தபோது அழுத்தம் 29.1 அங்குலப் பாதரசம், 24 ஆனபோது 58.8, 12 ஆனபோது 117.6. பெருக்கிப் பாருங்கள். அவருக்கே முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதம் உதைக்கிறது. பிறைப் பாப்பா அவரை ஜெயித்துவிட்டாள்.

அழுத்தத்துக்கும் கன அளவுக்கும் இப்படி உறவு இருக்கலாம் என்ற யோசனை ரிச்சர்ட் டவுன்லி என்பவருடையது என்று பாயிலே எழுதியிருக்கிறார். பிரான்சில் மாரியட் 1670களில் இதையே தனியாக எழுதினார், அங்கே அவர் பெயரில்தான் விதி. பெயர் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது தனி அரசியல்.

சமையல்கட்டு_அக்கா | வியாழன், காலை 10:20

எல்லாம் சரி, என் வீட்டுக் கேஸ் தோங்கில் (சிலிண்டரில்) இந்த விதி ஏன் வேலை செய்வதில்லை? தீரப் போகிறது என்றால் அழுத்தம் குறைந்துகொண்டே வர வேண்டாமா? தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது நன்றாக எரிந்துகொண்டிருந்தது, எண்ணெய் காய்ந்த நேரம் பார்த்துப் பொசுக்கென்று போய்விட்டது.

லேப்_தாத்தா | வியாழன், காலை 10:55

அம்மா, உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். நீங்கள் வாயுவை எடுக்க எடுக்க, திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தம் அப்படியே நிற்கும். அது தோங்கின் வெப்பநிலையைப் பொறுத்தது, மிச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது இல்லை. பாயில் விதி அடைபட்ட அதே காற்றுக்கு மட்டும்தான், கூடவும் கூடாது குறையவும் கூடாது. தோங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் எடை போடுங்கள். காலித் தோங்கின் எடை அதன் மேலேயே அச்சடித்திருக்கும், கழித்துக்கொள்ளலாம்.

சமையல்கட்டு_அக்கா | வியாழன், காலை 11:02

தோங்கை யார் தூக்கித் தராசில் வைப்பது? இன்னொரு தோங்கு வாங்கி ஓரமாக வைத்துக்கொள்கிறேன்.

பிறை_அப்பா | வியாழன், இரவு 9:05

தாத்தாவின் கணக்கை மகள் நம்பவில்லை (உங்களை மட்டுமில்லை, யாரையும் நம்ப மாட்டாள்). டியூபைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, தண்ணீர் நிரப்பி, அதைச் சிரிஞ்சில் உறிஞ்சி அளந்தாள். சரியாக 4. அப்புறம்தான் முகத்தில் சிரிப்பு வந்தது.

இப்போது கொடிமலைக்காரர் போட்ட கதையைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகலாம் என்கிறாள். மேலே ஒரு காலிப் பாட்டிலை இறுக மூடிக் கீழே கொண்டுவந்தால் நசுங்கும் அல்லவா, அதை வைத்து அளக்க முடியுமா?

லேப்_தாத்தா | வியாழன், இரவு 9:50

தாராளமாக. ஒன்றரை லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. மேலே நிழலில் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். உங்கள் போனில் காற்றழுத்தம் காட்டும் வசதி இருந்தால் மேலேயும் கீழேயும் குறித்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர் கட்டாயம். வீட்டுக்கு வந்ததும் பெரிய பாசினில் பாட்டிலைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் பிடித்து மூடியைத் திறந்தால் காற்று சுருங்கிய அளவுக்குத் தண்ணீர் உள்ளே ஏறும். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே மூடிவிடுங்கள். உள்ளே புகுந்த தண்ணீரைச் சிரிஞ்சால் அளந்தால் முடிந்தது.

ஒரு பாட்டிலைச் சாதாரணத் தண்ணீரில் திறங்கள். இன்னொன்றை, மலை மேல் என்ன வெப்பநிலை இருந்ததோ அதற்கு ஐஸ் போட்டு இறக்கிய தண்ணீரில் கால் மணி நேரம் அமுக்கி வைத்திருந்து திறங்கள்.

பிறை_அப்பா | ஞாயிறு, இரவு 8:45

போய்வந்தோம். ரயிலில் ஏறும்போது என் காது அடைத்தது, மகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். மீன் தொட்டித் தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற எங்களை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மேல் நிலையத்தில் 932 ஹெக்டோபாஸ்கல், 24 டிகிரி. கீழே 1009, வீட்டில் தண்ணீர் 30 டிகிரி. மூடிய பாட்டில்கள் பாதி வழியிலேயே இடுப்பு ஒடுங்கிவிட்டன. ஒன்று 'டொக்' என்று சத்தம் போட்டது, எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி திடுக்கிட்டார்.

விளிம்பு வரை பாட்டில் பிடிப்பது 1530 மில்லி (லேபிளில் 1500, அதையும் அளந்துவிட்டாள்). பாயில் கணக்குப்படி 1530ஐ 932ஆல் பெருக்கி 1009ஆல் வகுத்தால் 1413. ஆகவே 117 மில்லி தண்ணீர் ஏற வேண்டும்.

சாதாரணத் தண்ணீரில் திறந்த பாட்டிலில் ஏறியது 87 மட்டும்தான். 6 டிகிரி சூட்டில் காற்று விரிந்துகொண்டதைச் சேர்த்தால் 88 வரவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். 'சூஹு மலார்' என்று ஏன் அடிக்கடி எழுதச் சொல்கிறார்கள் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது.

ஐஸ் போட்ட பாசினில் திறந்ததில் 112. அருகில் வந்துவிட்டது. ஆனால் மீதி 5 மில்லி எங்கே என்று என்னைப் போட்டு அரிக்கிறாள். சாப்பிட விடமாட்டேன் என்கிறாள்.

லேப்_தாத்தா | ஞாயிறு, இரவு 9:10

பாட்டிலைத் திறந்த நேரத்தில் பாசின் தண்ணீர் எத்தனை டிகிரி? 24 என்று நினைத்தா, 24 என்று பார்த்தா? இந்த அளவு பாட்டிலில் ஒரு டிகிரிக்கு 5 மில்லி போகும்.

பிறை_அப்பா | ஞாயிறு, இரவு 9:18

இப்போதுதான் நோட்டைப் பார்த்தேன். 25. ஐஸ் தீர்ந்துவிட்டது, ஐயா.